பதினாறு ஐந்தான கதை: சீயர்ஸ்-93316

2022 ஜூலை 25. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியாகி இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேலம் டோனனும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரையின் முன்பதிப்பை வெளியிட்டார்கள். அதில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி. பெயர் சீயர்ஸ்-93316. செம்பெயர்ச்சி 16.7 என்று கணக்கிட்டிருந்தார்கள். பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு அது; எண் கூடக்கூடத் தூரமும் கூடும். அப்படியென்றால் பெருவெடிப்பு நடந்து சுமார் 23 கோடி 50 லட்சம் ஆண்டுகளே ஆகியிருந்தபோது கிளம்பிய ஒளி அது. அதுவரை யாரும் அவ்வளவு தூரத்தில் ஒரு விண்மீன் திரளைக் காட்டியதில்லை.

எட்டு மாதம் கழித்து, 2023 மார்ச் 24 அன்று, அதே தொலைநோக்கி அதே புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தது. செம்பெயர்ச்சி 4.912. காலம், பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 120 கோடி ஆண்டுகளுக்குப் பின். உலக சாதனை போய், வானத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் ஒரு நடுத்தரத் தொலைவுத் திரளாக அது மாறியது.

இதைச் சொன்னதும் "அறிவியலாளர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்" என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. சரியாகப் போட்ட கணக்கு எப்படித் தப்பான விடையைத் தந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆகஸ்டில் ஒரு பள்ளியின் வானியல் மன்றத்தில் பேசும்போது, இந்தப் புள்ளியைத் திரையில் காட்டி "இதுவரை கண்டதிலேயே மிகத் தொலைவு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டுரையில் அவர்கள் 'வேட்பாளர்' என்றுதான் எழுதியிருந்தார்கள். தேர்தலில் நிற்பவர் எல்லாம் எம்.எல்.ஏ. அல்ல என்பது நமக்குத் தெரியாதா? இருந்தும் அந்த ஒரு சொல்லை மேடையில் விழுங்கிவிட்டேன்.

நிறத்தை வைத்துத் தூரம்

சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குக் கொஞ்சம் தள்ளி, வானத்தில் ஒரு குறுகிய பட்டை இருக்கிறது. ஹபிள் காலத்திலிருந்தே வானியலாளர்கள் திரும்பத் திரும்பத் தோண்டிய இடம். வெப் வேலையைத் தொடங்கியதும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஃபிங்கல்ஸ்டைன் தலைமையிலான சீயர்ஸ் திட்டம் அங்கேதான் கேமராவைத் திருப்பியது. 2022 ஜூனில் எடுத்த படங்கள் முழுநிலாவின் பரப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் மூடும். அதற்குள் பல்லாயிரம் திரள்கள். தரவு எல்லோருக்கும் உடனே திறந்துவிடப்பட்டதால், யார் முதலில் கண்டுபிடிப்பது என்ற ஓட்டமும் தொடங்கிவிட்டது.

அத்தனை திரள்களுக்கும் ஒவ்வொன்றாக நிறமாலை எடுக்க, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. நேரம் கிடைக்காது. ஆகவே முதல் சல்லடை நிறம். அகச்சிவப்பில் ஏழு வடிகட்டிகள் வழியாகப் படம் எடுத்திருந்தார்கள்: 1.15, 1.5, 2.0, 2.77, 3.56, 4.1, 4.44 மைக்ரான் அலைநீளங்களை ஒட்டியவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு திரள் எந்தெந்த வடிகட்டியில் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்று பார்த்தால் போதும், தூரத்தை ஊகிக்கலாம்.

எப்படி ஊகிப்பது? திரள்களுக்கு நடுவே பரவிக்கிடந்த ஆதிகால ஹைட்ரஜன், 0.1216 மைக்ரானுக்குக் குறைந்த புறஊதா ஒளியை விழுங்கிவிடும். அந்த இடத்தில் ஒளி செங்குத்தாக விழும். பிரபஞ்சம் விரிய விரிய அந்த விளிம்பும் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி 0.1216ஆல் பெருக்கினால் விளிம்பு இப்போது எங்கே இருக்கும் என்று வந்துவிடும். செம்பெயர்ச்சி 16.4 (16.7ஐப் பிறகு இப்படித் திருத்தினார்கள்) என்று வைத்தால் 17.4 பெருக்கல் 0.1216, அதாவது 2.12 மைக்ரான்.

93316 அப்படியே நடந்துகொண்டது. 1.15லும் 1.5லும் ஒன்றுமில்லை. 2.0 மைக்ரானில் மிக மங்கல். 2.77இல் பளிச்சென்று எழுந்து, அதற்கப்புறம் 4.44 வரை ஏறக்குறைய சமமாக நீண்டது. பாடப்புத்தகத்தில் போடலாம் போன்ற விளிம்பு.

இங்கே வானியலாளர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: தூசாக இருந்தால்? மாலைச் சூரியனைச் சிவப்பாக்கும் அதே வேலையைத் திரளுக்குள் இருக்கும் தூசும் செய்யும். குறுகிய அலைநீளத்தை அமுக்கிவிடும். பக்கத்துத் திரள் ஒன்று தூசு மூடிக் கிடந்தால், அதுவும் 1.5 மைக்ரானில் தெரியாமல் 2.77இல் தெரியலாம். டோனன் குழுவுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. ஆனால் தூசு படிந்த திரளுக்கு ஓர் அடையாளம் உண்டு. அலைநீளம் கூடக்கூடப் பிரகாசமும் ஏறிக்கொண்டே போகும், சாய்தளம் போல. 93316 ஏறவில்லை. விளிம்புக்கு அந்தப் பக்கம் தட்டையாக, கொஞ்சம் நீலம் பாரித்துக்கூட இருந்தது. இளம் விண்மீன்கள் நிறைந்த, தூசில்லாத, மிகத் தொலைவுத் திரள் என்றால்தான் இப்படி வரும் என்று கணினி சொன்னது.

அப்போது வெப் கேமராவின் அளவுத்திருத்தம் இன்னும் நிலைப்படவில்லை. ஏவுவதற்கு முன் தரையில் அளந்த உணர்திறன் ஒன்று, விண்வெளியில் உண்மையில் இருந்தது வேறொன்று. புதிய திருத்தம் வந்ததும் பல வேட்பாளர்களின் எண்கள் ஆடின. ஃபிங்கல்ஸ்டைன் தன் மகள் பிறந்தநாளன்று கண்ணில் பட்டதால் 'மெய்சியின் திரள்' என்று பெயர் வைத்திருந்த இன்னொரு புள்ளி, ஏறத்தாழ அதே நேரத்தில் 14.3 என்று அறிவிக்கப்பட்டது, பிறகு 11.8க்கு இறங்கியது. 93316 மட்டும் 16.7இலிருந்து 16.4க்கு நகர்ந்து, அங்கேயே நின்றது. அந்த உறுதிதான் பலரை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். என்னையும்தான்.

மீசை முளைத்த குழந்தை

ஏன் இவ்வளவு பரபரப்பு? ஒளி பயணம் செய்த நேரத்தை மட்டும் பார்த்தால் இரண்டு விடைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று ஏறத்தாழ 1355 கோடி ஆண்டு, மற்றது 1260 கோடி ஆண்டு. பத்து சதவீதம்கூட இல்லை. ஆனால் பிரபஞ்சத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்கு இப்போது நூறு வயது என்று வைத்துக்கொண்டால், இந்தப் படம் ஒன்றே முக்கால் வயதில் எடுத்ததா, எட்டரை வயதில் எடுத்ததா என்பதுதான் கேள்வி.

ஒன்றே முக்கால் வயது என்றால் சிக்கல். இந்தப் புள்ளியின் பிரகாசத்தை வைத்துக் கணக்கிட்டால், நம் சூரியனைப் போல 500 கோடி மடங்கு நிறை அதற்குள் விண்மீன்களாக மாறியிருக்க வேண்டும். அந்த வயதில் அவ்வளவு வாயு ஒரே இடத்தில் திரண்டிருக்கவே வாய்ப்புக் குறைவு. திரண்டது அத்தனையும் விண்மீனாகவும் ஆகியிருக்க வேண்டும். பால்குடி மாறாத குழந்தைக்கு மீசை முளைத்த மாதிரி. பெருவெடிப்பே பொய் என்று சிலர் இணையத்தில் கிளம்பியதெல்லாம் இந்த வாரங்களில்தான். அதை இங்கே பேசி இடத்தை வீணடிக்க விரும்பவில்லை.

அக்கம்பக்கம்

அடுத்த சில நாட்களிலேயே இரண்டு திசைகளிலிருந்து சந்தேகம் வந்தது. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த பகுதி இதுதான்.

ரோஹன் நாயுடு தலைமையிலான குழு அதே புள்ளியைத் தனியாகக் கண்டெடுத்திருந்தது. அவர்கள் வைத்த பெயர் சீயர்ஸ்-1749. அவர்களுக்கும் நிறக் கணக்கு 17 பக்கம்தான் பலமாகச் சாய்ந்தது. ஆனால் அவர்கள் புள்ளியை மட்டும் பார்க்காமல் அக்கம்பக்கத்தையும் பார்த்தார்கள். வானத்தில் அதற்கு மிக அருகே, இரண்டரை விகலைக்குள் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு), மூன்று திரள்கள் தெரிந்தன. மூன்றுக்கும் நிறத்தை வைத்துத் தூரம் பார்த்தால் செம்பெயர்ச்சி 5க்குப் பக்கத்தில். அந்த வட்டாரத்திலேயே 5ஐ ஒட்டிய திரள்கள் கூட்டமாகக் கிடந்தன.

திரள்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதில்லை, கொத்துக் கொத்தாகத்தான் இருக்கும். 93316க்கு மாற்று விடை ஒன்று உண்டு என்றால் அதுவும் 5ஐ ஒட்டித்தான் வரும் என்று மாதிரிகள் காட்டின. ஒரு தெருவில் நிற்பவர் தான் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்கிறார். உடையும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவரைச் சுற்றி நிற்கும் மூன்று பேரும் உள்ளூர்க்காரர்கள், தோளில் கை போட்டு நிற்கிறார்கள். நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நாயுடு குழு தீர்ப்பு எழுதவில்லை. பெட்டியைத் திறக்கும்வரை உயிரோடும் செத்தும் இருப்பதாகச் சொல்லப்படும் ஷ்ரோடிங்கரின் பூனையைத் தலைப்பில் இழுத்து, 17ஆகவும் இருக்கலாம், 5ஆகவும் இருக்கலாம் என்று இரண்டு கதவையும் திறந்தே வைத்தார்கள். 17 என்றால் ஆதித் திரள்கள் பற்றிய கோட்பாடுகள் கிட்டத்தட்ட எல்லாமே ஆட்டம் காணும் என்றும் எழுதினார்கள்.

இரண்டாவது திசை இன்னும் எளிமையானது. தூசு என்று சந்தேகமா, சரி, தூசையே நேராகத் தேடு. விண்மீன் ஒளியை விழுங்கிய தூசு சூடாகி, அந்த ஆற்றலை மில்லிமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில் திருப்பி உமிழும். ஹோர்ஹே சவாலாவும் குழுவினரும் அதே பட்டையில் இருந்த வேறொரு திரளை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் குறுகிய அலைநீள வடிகட்டிகளில் மறைந்து நீண்டவற்றில் தோன்றும் வகை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள நொயெமா அலைவாங்கிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததும் அது செம்பெயர்ச்சி 5.1ஐ ஒட்டிய, தூசு மூடிய, விண்மீன்களைப் பெருவேகத்தில் பெற்றுக்கொண்டிருக்கும் திரள் என்று தெரிந்தது. அதே கட்டுரையில் 93316 இருக்கும் இடத்தையும் பார்த்தார்கள். ஹவாயில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கி 850 மைக்ரானில் எடுத்த படத்தில், அங்கே ஏதோ ஒரு மினுக்கம் இருந்தது. பலம் 2.6 சிக்மா, அதாவது பின்னணி இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல 2.6 மடங்கு.

2.6 என்பது நம்பவும் முடியாத, தள்ளவும் முடியாத எண். இந்தத் துறையில் 3க்குக் கீழே யாரும் வாயைத் திறப்பதில்லை. தவிர அந்தத் தொலைநோக்கியின் பார்வை அவ்வளவு கூர்மையானது அல்ல. மினுக்கம் 93316இலிருந்துதான் வருகிறதா, பக்கத்தில் வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியாது. ஆனாலும் அவர்கள் ஒரு வாக்கியத்தை எழுதிவைத்தார்கள்: இந்த மினுக்கம் உண்மையாக இருந்து, இந்தப் புள்ளியிலிருந்தே வந்திருந்தால், பலமான வாயு ஒளிக்கோடுகளோடு கூடிய தூசுத் திரள் ஒன்று செம்பெயர்ச்சி 5இல் இருந்துகொண்டு இந்த நிறங்களைக் காட்ட முடியும்.

தூசு, கூடவே ஒளிக்கோடுகள், அதாவது சூடான வாயு குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் விடும் பலமான ஒளி. விடையைப் பாதிக்குமேல் எழுதியாகிவிட்டது. நிரூபிக்கத்தான் நிறமாலை வேண்டியிருந்தது.

வாசலுக்குக் கொண்டுவந்த புடவை

பட்டுப்புடவைக் கடையில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் திருப்தி வராது. "கொஞ்சம் வாசலுக்கு எடுத்துட்டு வாங்க" என்பார்கள். வெயிலில் பிரித்தால்தான் மாம்பழ மஞ்சளா, சந்தன மஞ்சளா என்று தெரியும். வடிகட்டிப் படங்கள் கடைக்குள் பார்ப்பது. நிறமாலை வாசலுக்குக் கொண்டுவருவது.

இதற்கென்று தொலைநோக்கி இயக்குநரின் கையிருப்பு நேரத்திலிருந்து இடம் கிடைத்தது. வெப்பில் நிறமாலைமானி ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் நுண்கதவுகள். ஒவ்வொன்றும் தலைமுடி அகலத்துக்கு ஒன்றிரண்டு மடங்குதான். வேண்டிய திரள்களுக்கு நேரே இருக்கும் கதவுகளை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடிவிடலாம். 2023 மார்ச் 24 அன்று ஒரே பார்வையில் 93316, மெய்சியின் திரள், கூட இன்னும் பல திரள்கள் என்று கதவுகளைத் திறந்து, சுமார் 5 மணி நேரம் ஒளி சேர்த்தார்கள். பாப்லோ அராபல் ஹாரோ தலைமையில் அந்த முடிவு 2023 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது.

16.4 சரியாக இருந்தால் 2.12 மைக்ரானில் ஒரு செங்குத்தான விளிம்பு தெரிந்திருக்க வேண்டும். அங்கே விளிம்பு இல்லை. மங்கலான தொடர் ஒளியின் மேல் ஊசிபோலச் சில கோடுகள் நின்றன. ஹைட்ரஜன் விடும் சிவப்புக் கோடு, இரட்டை அயனியான (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த) ஆக்சிஜனின் பச்சைக் கோடுகள். ஆய்வகத்தில் அவற்றின் அலைநீளம் எவ்வளவு என்பது கல்லூரி மாணவருக்கும் தெரியும். எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் 4.912. வாதாட இடமே இல்லை.

இங்கே ஒரு பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பது நல்லது. நான் அன்று இரவு ஒரு ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஆக்சிஜன் கோடு ஆய்வகத்தில் 0.5007 மைக்ரான். 5.912ஆல் பெருக்கினால் 2.96. இது 2.77 வடிகட்டிக்குள் விழுகிறது; அந்த வடிகட்டி ஏறக்குறைய 2.42இலிருந்து 3.13 வரை ஒளியை விடும். சரி, ஒரு வடிகட்டியில் பிரகாசம் வீங்கியது.

ஹைட்ரஜன் கோடு 0.6563. 5.912ஆல் பெருக்கினால் 3.88. இப்போது மீதி மூன்று வடிகட்டிகளின் எல்லைகளைப் பாருங்கள். 3.56 வடிகட்டி 3.98 வரை விடும். 4.1 வடிகட்டி 3.87இல் தொடங்குகிறது. 4.44 வடிகட்டி 3.88இல் தொடங்குகிறது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் குறுகிய சந்து 3.88ஐ ஒட்டி ஆரம்பித்து 3.98இல் முடிந்துவிடுகிறது. அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது இந்த ஒரே கோடு!

ஒரே ஒரு வடிகட்டியில் கோடு விழுந்திருந்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும். நடுவே குறுகலாக 4.1 மைக்ரான் வடிகட்டி வைத்திருப்பதற்கு ஒரு பயனே இப்படிப்பட்ட கோடுகளைப் பிடிப்பதுதான். இங்கே, திரள் பிரகாசமாகத் தெரிந்த நான்கு வடிகட்டிகளும் ஒருசேர வீங்கிவிட்டன. எல்லாமே உயர்ந்தால் எது உயர்ந்தது என்று எப்படித் தெரியும்? தூசு தன் வழக்கப்படி சாய்தளம் போட்டது. கோடுகள் அதன் மேல் மண்ணைக் கொட்டித் தட்டையாக்கிவிட்டன. 2.0 வடிகட்டிக்குள் மட்டும் பலமான கோடு எதுவும் முழுசாக விழவில்லை, ஆகவே அங்கே தூசு அமுக்கிய மங்கல் ஒளிதான். பளிச்சென்ற 2.77க்குப் பக்கத்தில் அது செங்குத்தான விளிம்பு போலத் தோன்றியது.

திரள் கொஞ்சம் தள்ளி, செம்பெயர்ச்சி 5.2இல் இருந்திருந்தால் ஹைட்ரஜன் கோடு 4.07 மைக்ரானுக்குப் போயிருக்கும். 3.56 வடிகட்டி தப்பித்திருக்கும், குட்டு வெளிப்பட்டிருக்கும். கொஞ்சம் இந்தப் பக்கம், 4.7இல் இருந்திருந்தால் 3.74. அப்போது 4.1உம் 4.44உம் தப்பித்திருக்கும். என் கணக்குப்படி இந்த வேடம் பலிக்கும் இடைவெளி 4.9இலிருந்து 5.06 வரைதான். பிரபஞ்சத்தின் வரலாற்றில் ஐந்து கோடி ஆண்டுக்கும் சற்றுக் குறைவான நேரம். அந்த நேரத்தில் போய் நின்றிருக்கிறது.

அணிவகுப்பில் இல்லாத ஆள்

அப்படியானால் இது வெறும் துரதிர்ஷ்டமா? பாதி ஆமாம்.

காவல் நிலையத்தில் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். சாட்சி வரிசையைப் பார்த்து, "இவர்தான்" என்று காட்டுவார். உண்மையான ஆள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை என்றால் என்ன ஆகும்? சாட்சி பெரும்பாலும் இருப்பவர்களில் ஒத்துப்போகும் ஒருவரைக் காட்டுவார், அதுவும் முழு நம்பிக்கையோடு. நிறத்தை வைத்துத் தூரம் பார்க்கும் மென்பொருளும் அப்படித்தான். மாதிரித் திரள்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு செம்பெயர்ச்சிக்கு நகர்த்தி, அளந்த நிறத்தோடு எது நன்றாகப் பொருந்துகிறது என்று பார்க்கும். 'இந்த விடைக்கு வாய்ப்பு இவ்வளவு சதவீதம்' என்று அது சொல்வது, வரிசையில் நிற்பவர்களுக்குள் மட்டுந்தான். கனத்த தூசும் அதே சமயம் இவ்வளவு பலமான ஒளிக்கோடுகளும் சேர்ந்த திரள் வழக்கமான வரிசைகளில் இல்லை, இருந்தாலும் ஓரமாக நின்றது. சவாலா குழு அப்படி ஓர் ஆளை வேண்டுமென்றே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது. உடனே பொருந்திவிட்டது.

இன்னொன்று எண்ணிக்கை. செம்பெயர்ச்சி 5இல் திரள்கள் மலிந்து கிடக்கின்றன. 16இல் அவ்வளவு பிரகாசமானவை இருந்தால் விரல்விட்டு எண்ணும் அளவு. 5இல் இருப்பவற்றில் பல ஆயிரத்தில் ஒன்று விசித்திரமாக வேடம் போட்டாலும், 16இல் உள்ள அசலோடு போட்டி போட அது போதும். பல்லாயிரம் பேரைச் சலித்து மிக விசித்திரமான ஒருவரைப் பொறுக்கி எடுத்தால், அந்த ஒருவர் அசலா நகலா என்ற சந்தேகம் கூடவே வரும். சலிப்பதே விசித்திரங்களைத் தேடித்தானே.

ஆனால் இதை வைத்து "நிற முறை பயனில்லை" என்றால் அதே நாளின் இன்னொரு நுண்கதவு எதிர்சாட்சி சொல்லும். மெய்சியின் திரள் 11.4 என்று உறுதியானது. பெருவெடிப்புக்கு 39 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தையது. அதையும் இதே நிற முறைதான் கண்டுபிடித்தது, ஏறத்தாழ இதே நாட்களில், இதே படங்களிலிருந்து. ஒரே கட்டுரையின் தலைப்பிலேயே ஒன்றை உறுதிசெய்ததையும் மற்றதை மறுத்ததையும் சேர்த்துப் போட்டார்கள்.

தலைகீழ்க் கதையும் உண்டு. 2011இல் ஹபிள் படத்தில் ஒரே ஒரு வடிகட்டியில் மட்டும் தெரிந்த ஒரு புள்ளியை ரிச்சர்ட் பவென்ஸ் குழு அறிவித்தது. முதலில் 10 என்றார்கள், பிறகு 12ஐ ஒட்டி என்றார்கள். அப்புறம், செம்பெயர்ச்சி 2ஐ ஒட்டிய சாதாரணத் திரள் ஒன்றின் ஒளிக்கோடுதான் இப்படி ஏமாற்றுகிறது என்ற சந்தேகம் பலமாயிற்று. பத்தாண்டுக்குமேல் அது சந்தேகப் பட்டியலிலேயே கிடந்தது. வெப் வந்து நிறமாலை எடுத்தபோது விடை 11.58. ஆரம்பத்தில் சொன்னவர்கள் கிட்டத்தட்ட சரி. 93316ஐ ஏமாற்றுக்காரன் ஆக்கிய அதே ஒளிக்கோட்டு வாதம், இங்கே ஓர் அப்பாவியைப் பத்தாண்டு கூண்டில் நிறுத்தியிருக்கிறது.

அக்கம்பக்கச் சாட்சியும் எப்போதும் சரியாக இருக்காது. வெப்பின் இன்னொரு தேடலான ஜேட்ஸ் திட்டத்தில் ஒரு திரள், ஜேட்ஸ்-ஜிஎஸ்-ஸி14-0, வானத்தில் இன்னொரு திரளை ஏறக்குறைய ஒட்டியே தெரிந்தது. இடைவெளி அரை விகலைகூட இல்லை. அந்த அண்டைக்காரரின் செம்பெயர்ச்சி 3.5ஐ ஒட்டியது. 93316 கதையைப் படித்த யாருக்கும் உடனே மூக்கு வேர்க்கும்: இதுவும் அந்த வீட்டு ஆள்தானோ? கண்டுபிடித்தவர்களுக்கே அந்தப் பக்கத்து வீடும் அதன் அளவுமீறிய பிரகாசமும் உறுத்தலாகத்தான் இருந்தன. 2024 ஜனவரியில் ஏறக்குறைய 10 மணி நேரம் நிறமாலை எடுத்தார்கள். விளிம்பு விளிம்பாகவே இருந்தது, 14.3. அடுத்த ஆண்டு சிலியில் உள்ள ஆல்மா அலைவாங்கிகள் அதில் ஆக்சிஜன் கோட்டைக் கண்டுபிடித்து, எண்ணை 14.18 என்று இறுக்கின. பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுக்குள் ஆக்சிஜன்! பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, ஒரே கோட்டில் தெரிந்தார்கள், அவ்வளவே. 93316க்கு மூன்று அண்டைகள், மூன்றும் ஒரே விலாசம், சுற்றிலும் கூட்டம். இங்கே ஒற்றை அண்டை. சாட்சிகளை எண்ணுவதில் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது

93316இன் செம்பெயர்ச்சி போனதும் கோட்பாட்டாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்று சொல்லலாம், ஆனால் பாதி மூச்சுதான். 16இல் மீசை முளைத்த குழந்தை இல்லை. அதற்காக 11, 12, 13, 14களில் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான திரள்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பது மாறவில்லை. அவை எல்லாம் நிறமாலையில் உறுதியானவை. ஆதித் திரள்கள் வாயுவை விண்மீனாக மாற்றுவதில் இன்னும் திறமையாக இருந்தனவா, விட்டு விட்டு வெடிப்பு வெடிப்பாகப் பிறப்பித்தனவா, தூசு இல்லாததால் பளிச்சென்று தெரிகின்றனவா என்று விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று இரண்டு கதவையும் திறந்து வைத்த ரோஹன் நாயுடு, பிறகு பாஸ்கல் ஓஷோடு சேர்ந்து ஒரு தேடலைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கானலா, அற்புதமா'. பிரகாசமான வேட்பாளர்களை எடுத்து, எது நிஜம், எது வேடம் என்று நிறமாலையில் பார்ப்பதுதான் வேலை. 2025 மே மாதம் அதிலிருந்து வந்த மாம்-ஸி14 என்ற திரள் செம்பெயர்ச்சி 14.44இல் உறுதியானது; பெருவெடிப்புக்கு சுமார் 28 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தையது. இந்த முறை அற்புதம்.

சீயர்ஸ் பட்டையும் சும்மா இல்லை. 2025இல் அங்கிருந்தே இன்னொரு புள்ளியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கபோடாவுரோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 4 மைக்ரானுக்குக் கீழே எந்த வடிகட்டியிலும் தெரியவில்லை, மேலே தெரிகிறது. விளிம்பு அங்கே என்றால் செம்பெயர்ச்சி 32, பெருவெடிப்புக்குப் பின் 10 கோடி ஆண்டுகூட ஆகாத காலம். இல்லையென்றால் தூசும் கோடுகளும் சேர்ந்த பக்கத்துத் திரள். அதுவும் இல்லையென்றால், நம் பால்வீதிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் குளிர்ந்த பழுப்புக் குள்ளனோ (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத பொருள்), விண்மீன் இல்லாமல் திரியும் ஒரு கோளோ. கண்டுபிடித்தவர்கள் இத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தித்தான் கட்டுரையை எழுதியிருக்கிறார்கள்.